திரையில் வரும் பாடம் தமிழும் பேசட்டும்!

புத்தகத்தில் இருக்கிற இதயம் துடிப்பதில்லை. கரும்பலகையில் ஆசிரியர் எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது அசையாமல்தான் நிற்கும். மேலறை எது, கீழறை எது, வால்வு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையெல்லாம் பிள்ளைகள் நெட்டுருப் போடுவார்கள். பரீட்சையில் எழுதுவார்கள். கோடை விடுமுறை முடிவதற்குள் மறந்துவிடுவார்கள்.

அதே இதயத்தை ஒரு வெள்ளைத் திரையில் துடிக்கவிட்டுக் காட்டினால் கதை வேறு. ரத்தம் உள்ளே வருகிறது, வால்வு மூடுகிறது, நுரையீரலுக்குப் போய்ச் சிவந்து திரும்புகிறது. கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிறவனும் நிமிர்ந்து உட்காருகிறான். தன் மார்பில் கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறான். அந்தப் பாடம் இனி அவனுக்கு மறக்காது.

கேரளத்தின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் இன்று இது அதிசயமான காட்சி அல்ல. லாப்டாப்பும், புரொஜக்டரும், திரையும் வகுப்பறைக்குள்ளேயே வந்துவிட்டன. இந்த விஷயத்தில் கேரளம் மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறது என்பதை மனமாரப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் பாலக்காட்டுச் சிற்றூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் வாழ்கிற தமிழ்ப் பெற்றோர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. திரையில் துடிக்கிற அந்த இதயம் எந்த மொழியில் பேசுகிறது? இதற்குச் சரியான பதில் கிடைக்காதவரை, வந்த வசதியில் பாதிதான் தமிழ்ப் பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

பெட்டி வந்த கதை

பள்ளிக்கூடத்துக்குள் யந்திரம் நுழைந்தது நேற்று இன்று அல்ல. 1961-ல் டில்லியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக டெலிவிஷன் பாடங்கள் தொடங்கின. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிகளுக்கு ரசாயனப் பரிசோதனையைக் கண்ணில் காட்டியது அந்தப் பெட்டிதான்.

1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை இன்னொரு பெரிய சோதனை நடந்தது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்ற செயற்கைக் கோளை ஓராண்டுக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் டெலிவிஷன் கொண்டுபோயிற்று. மின்சாரமே சரியாக எட்டாத கிராமங்களில் கம்பி வலையால் செய்த பெரிய ஏரியல்கள் எழுந்தன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு என்று நிகழ்ச்சிகள் வந்தன. இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளில் அவை ஒலித்தன. கேரளமும் தமிழ்நாடும் அந்த ஆறு மாநிலங்களில் இல்லை. ஆகவே மலையாளமும் தமிழும் அன்று வானத்திலிருந்து இறங்கவில்லை.

1984-85-ல் மத்திய அரசு பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கத் தொடங்கியது. முதலில் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்து நாட்டின் பி.பி.சி. மைக்ரோ என்ற கம்ப்யூட்டர்கள் வந்தன. பல இடங்களில் அதைத் துணி போட்டு மூடிவைத்துப் பூஜை செய்தார்களே தவிர, பிள்ளைகளின் கைக்கு அது எட்டவில்லை.

கேரளம் 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2004 செப்டம்பர் 20-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே 'எடுசாட்' செயற்கைக் கோள் ஏவப்பட்டது. அதைப் பயன்படுத்தி 2005 ஜூலை 28-ல் திருவனந்தபுரத்தில் 'விக்டர்ஸ்' கல்வி அலைவரிசையைத் தொடங்கிவைத்தவர் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். ராமேஸ்வரத்துத் தமிழ்வழிப் பள்ளியில் படித்து வந்தவர் கையால் அந்த விளக்கு ஏற்றப்பட்டது என்பதைக் கேரளத் தமிழர் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

2017-ல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018-லிருந்து 4,752 பள்ளிகளில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள 45,000 வகுப்பறைகளில் லாப்டாப், புரொஜக்டர் முதலியன பொருத்தும் வேலை நடந்தது. தொடக்கப் பள்ளிகளுக்கும் கம்ப்யூட்டர் கூடங்கள் வந்தன. 2020 அக்டோபர் 12-ல், எல்லா அரசுப் பள்ளிகளிலும் நவீன வகுப்பறை அமைந்த முதல் மாநிலம் கேரளம் என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார்.

இத்தனை பெரிய ஏற்பாட்டில் கேரளம் செய்த புத்திசாலித்தனமான காரியம் ஒன்று உண்டு. விலை கொடுத்து வாங்கும் மென்பொருளை நம்பாமல், எவரும் இலவசமாக எடுத்து, திருத்தி, பகிர்ந்துகொள்ளக் கூடிய கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளில் புகுத்தியது. இதன் அருமை பின்னால் விளங்கும்.

கண்ணால் கண்டது

இந்த யந்திரங்களால் பிள்ளைகளுக்கு என்னதான் லாபம்? 'நாங்களெல்லாம் மணலில் எழுதிப் படிக்கவில்லையா?' என்று கேட்கிற பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் லாபம், காண முடியாததைக் காண்பது. விதைக்குள் முளை எப்படி எழுகிறது, எரிமலை எப்படிக் குமுறுகிறது, சந்திரன் ஏன் தேய்கிறது என்பதைச் சொல்லால் விளக்குவது கடினம். பந்தையும் டார்ச் லைட்டையும் வைத்து விளக்குகிற நல்ல ஆசிரியர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் எல்லா ஆசிரியருக்கும் அந்தக் கைவண்ணம் வருவதில்லை. பதினைந்து நாள் தேய்பிறையைத் திரை பதினைந்து விநாடியில் காட்டிவிடுகிறது.

இரண்டாவது லாபம், திரும்பத் திரும்பக் கேட்பது. ஆசிரியர் ஒரு முறை சொல்வார்; கேட்டால் இரண்டாம் முறையும் சொல்வார். மூன்றாம் முறை கேட்கப் பிள்ளைக்கே வெட்கம். பதிந்துவைத்த பாடத்துக்கு அலுப்பும் இல்லை, கோபமும் இல்லை. காய்ச்சலில் படுத்த பிள்ளையும், அறுவடைக்கு அப்பாவோடு போன பிள்ளையும் விட்ட பாடத்தைப் பிடித்துக்கொள்ள முடியும்.

மூன்றாவது லாபம், தானே செய்து பார்ப்பது. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை என்பதை மனப்பாடம் செய்வது ஒன்று. 'ஜியோஜீப்ரா' என்ற மென்பொருளில் முக்கோணத்தை இழுத்து, சாய்த்து, நீட்டி, என்ன செய்தாலும் 180 மாறவில்லை என்று தானே கண்டுகொள்வது வேறொன்று. மின்சுற்றில் தவறான கம்பியைச் சேர்த்தால் பல்பு எரியாது, ஷாக்கும் அடிக்காது. தப்புச் செய்து கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் ஏது? அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தார் தயாரித்த 'பெட்' என்ற விஞ்ஞான விளையாட்டுகளில் பல தமிழிலேயே கிடைக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

நான்காவது லாபம், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் படிக்கட்டு. ஒரே வகுப்பில் ஒருவனுக்கு வகுத்தல் வரும், இன்னொருவனுக்குக் கழித்தலே வராது. ஆசிரியர் நடுவில் நின்று பாடம் நடத்துகிறார். மேலே இருப்பவனுக்குச் சலிப்பு, கீழே இருப்பவனுக்கு இருட்டு. டில்லியில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியாயிற்று. பிள்ளையின் நிலையை அறிந்து அதற்கேற்பக் கேள்வி கேட்கிற கம்ப்யூட்டர் பாடத்தை மாலை நேரத்தில் நாலரை மாதம் கொடுத்தார்கள். கணக்கிலும் இந்தியிலும் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாடம் அந்தப் பிள்ளைகளின் மொழியில், இந்தியில் இருந்தது.

தமிழ்ப் பிள்ளைக்கு இரட்டை லாபம்

இந்த நான்கு லாபமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. கேரளத்தில் தமிழ்வழி படிக்கிற பிள்ளைக்கு இதற்கு மேலும் லாபம் உண்டு.

1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது செங்கோட்டையும் கன்னியாகுமரியும் தமிழகத்துக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்ற 350ஏ பிரிவு அதே 1956-ல்தான் அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. கேரள ஆட்சிமொழிச் சட்டமும் 1969-ல் தமிழருக்கும் கன்னடியருக்கும் தனி உரிமைகளைக் கொடுத்தது. எஸ்.எஸ்.எல்.சி. கேள்வித்தாள் தமிழிலும் அச்சாகிறது. ஆகவே உரிமைக்குக் குறைவில்லை. உரிமை வகுப்பறைக்குள் வந்து சேருகிறதா என்பதுதான் கேள்வி.

தமிழ்வழி வகுப்புக்குத் தமிழறியாத ஆசிரியர் வந்து சேருகிறார் என்ற முறையீடு எல்லைப்புற ஊர்களில் புதிதல்ல. அவர் நல்லவராக இருக்கலாம், விஷயம் தெரிந்தவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் வாயில் வருவது மலையாளச் சொல். புத்தகத்தில் இருப்பது 'ஒளிச்சேர்க்கை'. ஆசிரியர் சொல்வது 'பிரகாச சம்ஸ்லேஷணம்'. டியூஷனில் சொல்வது 'போட்டோசிந்தசிஸ்'. இலை ஒன்று, சூரியன் ஒன்று, பெயர் மட்டும் மூன்று! பரீட்சையில் எதை எழுதுவது என்று பிள்ளை திகைத்து நிற்கிறது. விஷயம் தெரிந்தும் மார்க்கு போய்விடுகிறது. மலையாளம் கற்பது தமிழ்ப் பிள்ளைக்கு நல்லதுதான், வாழ்கிற மண்ணின் மொழி அது. அதற்காக விஞ்ஞானத்தை மூன்று மொழியில் அரைகுறையாகப் படிக்க வேண்டும் என்பது இல்லை.

இந்த இடத்தில்தான் திரை கை கொடுக்கிறது. தமிழறிந்த ஒரு நல்ல ஆசிரியர் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நடத்திய பாடத்தை நெல்லியாம்பதியில் இருக்கிற பிள்ளையும் கேட்கலாம், வண்டிப்பெரியாரில் இருக்கிற பிள்ளையும் கேட்கலாம். ழகரமும் ளகரமும் தெளிவாகக் காதில் விழும். கலைச்சொல் ஒன்றாக இருக்கும். வகுப்பிலுள்ள ஆசிரியருக்குத் தமிழ் குறைவாக இருந்தாலும் அவரும் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. அச்சுப் புத்தகக் காலத்தில் சிறுபான்மை மொழி என்றாலே ஒரு சாக்கு தயாராக இருந்தது. 'பிள்ளைகள் சிலர்தான், அச்சடித்தால் கட்டுப்படியாகாது, கொஞ்சம் பொறுங்கள்' என்பார்கள். ஆயிரம் பிரதிக்கு ஆகிற செலவும் லட்சம் பிரதிக்கு ஆகிற செலவும் தலைக்குப் பார்த்தால் வேறு வேறு என்பது வாஸ்தவம்தான். திரைப் பாடத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. இதயம் துடிக்கிற படம் ஒருமுறை தயாராகிவிட்டது. அது மலையாளமும் அல்ல, தமிழும் அல்ல. அதன் மேலுள்ள குரலையும் பெயர்ச் சீட்டுகளையும் மாற்றினால் தமிழ்ப் பாடம் ஆகிவிடும். பிறகு பத்துப் பிள்ளை பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் பிரதிக்குச் செலவு இல்லை. மென்பொருளும் கட்டற்றது என்பதால் தமிழாக்கம் செய்ய எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டியதில்லை. 'எண்ணிக்கை போதாது' என்ற பழைய சாக்கு இனி எடுபடாது.

2020 கற்றுத் தந்த பாடம்

கொரோனா நோயால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் 1-ந் தேதி, வழக்கமாகப் பள்ளி திறக்கும் அதே நாளில், 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் விக்டர்ஸ் அலைவரிசையில் வகுப்புகள் தொடங்கின. பள்ளி மணி வீட்டுக்குள் அடித்தது. மறுபடியும் பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். ஒன்றரை ஆண்டுக் காலம் அந்தத் திரை இல்லாவிட்டால் எத்தனை பிள்ளைகள் எழுத்தையே மறந்திருப்பார்கள்!

டி.வி.யோ இணையமோ இல்லாத மாணவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் இருப்பதாகக் கணக்கெடுப்பு சொல்லிற்று. நூல்நிலையங்களும் அங்கன்வாடிகளும் வகுப்பறைகளாயின. ஆசிரியர்களும், இளைஞர் சங்கங்களும், பொதுமக்களும் டி.வி. வாங்கிக் கொடுத்தார்கள். கேரளம் கைகோத்து நின்ற நாட்கள் அவை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பாடம் தயாராயிற்று. தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்கள் தாங்களே படம் பிடித்து, குரல் கொடுத்து, இரவு பகல் பாராமல் உழைத்தார்கள். அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் வித்தியாசம் ஒன்று இருந்தது. மலையாளப் பாடம் டி.வி. அலைவரிசையில் வீடு தேடி வந்தது. தமிழ்வழிப் பாடங்களோ பெரும்பாலும் இணையத்தில், யூடியூபில் கிடைத்தன. டி.வி. இருந்தால் போதாது, நல்ல செல்போன் வேண்டும், டேட்டா வேண்டும், சிக்னல் வேண்டும்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் இவை மூன்றும் எங்கே இருக்கின்றன? கொழுந்து பறிக்கப் போகிற தாயும் தகப்பனும் காலையில் மலையேறினால் மாலையில்தான் திரும்புவார்கள். வீட்டிலிருக்கிற ஒரே செல்போன் அவர்களோடு போய்விடும். மாலையில் அது வந்தாலும் மூன்று பிள்ளைக்கு ஒரு போன். அதிலும் லயத்துக்குள் சிக்னல் வராது. சிக்னல் கிடைக்கிற மேட்டைத் தேடி, மழையில் குடை பிடித்துக்கொண்டு மூணாறுப் பக்கத்துப் பிள்ளைகள் மைல் கணக்கில் நடந்தார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. பார்த்தவர்கள் பிள்ளைகளின் ஆர்வத்தை மெச்சினார்கள். மெச்ச வேண்டிய விஷயமா அது? வெட்கப்பட வேண்டிய விஷயம்.

அந்த ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி இரவு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது உயிர்கள் பறிபோயின. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர், அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். செய்தி வெளியே வந்தது மறுநாள் காலையில். பாடத்துக்கு வராத சிக்னல் ஆபத்துக்கும் வரவில்லை. மலைத் தோட்டங்களுக்குத் தொடர்பு வசதி வேண்டும் என்பது ஏதோ ஆடம்பரக் கோரிக்கை அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதற்கு ஓராண்டு முன்பே, 2019 செப்டம்பரில், ஒரு மாணவி தொடுத்த வழக்கில் இணைய வசதி கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கூறியிருந்தது. தீர்ப்பு எர்ணாகுளத்தில் எழுதப்பட்டது. அது மலையேறித் தோட்டத்துக்கு வந்து சேரவேண்டும்.

யந்திரம் ஆசிரியர் ஆகுமா?

எதிர்ப்பக்கத்தில் சொல்வதையும் கேட்க வேண்டும். யந்திரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டால் படிப்பு தானாக வந்துவிடும் என்று நம்பி ஏமாந்த நாடுகள் உண்டு. தென் அமெரிக்காவில் பெரு என்ற நாடு கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லாப்டாப் கொடுத்தது. 2012-ல் வெளியான ஆய்வு என்ன சொல்லிற்று? கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் இல்லை!

குஜராத்தில் நடந்த ஓர் ஆய்வு இதைவிடத் தெளிவாகச் சொல்கிறது. ஆசிரியர் நடத்துகிற நேரத்தைப் பிடுங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தபோது பிள்ளைகளின் கல்வி கீழே போயிற்று. பள்ளி முடிந்தபின் கூடுதலாகக் கொடுத்தபோது மேலே வந்தது. அதிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்கே அதிக நன்மை. அதே யந்திரம், அதே பாடம். வைத்த இடம்தான் வேறு.

2023-ல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையும் இந்தப் பொருளையே எடுத்துக்கொண்டது. கற்பதற்கு உதவினால் மட்டும் பயன்படுத்துங்கள், ஆசிரியர் இடத்தில் யந்திரத்தை வைக்காதீர்கள் என்பதே அதன் சாரம். செல்போன் பிள்ளையின் கவனத்தைச் சிதறடிக்கிறது என்பதையும் அது மறைக்கவில்லை. பாடம் பார்க்கிறேன் என்று போனை வாங்கி விளையாட்டில் விழுந்த பிள்ளைகளைப் பெற்றோர்களுக்குத் தெரியும்.

ஆகவே திரை வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 'தமிழில் வீடியோ போட்டுவிட்டோம், இனித் தமிழ் ஆசிரியர் எதற்கு?' என்று நாளைக்கு எவராவது கேட்டால், அன்றைக்கு இந்த வசதியே விஷமாகிவிடும். எஞ்சின் எவ்வளவு புதிதாக இருந்தாலும் டிரைவர் இல்லாமல் வண்டி கிளம்பாது. பிள்ளையின் முகத்தைப் பார்த்து, புரியவில்லை என்று அறிந்து, திரையை நிறுத்திவிட்டு, 'எங்கே, நீ சொல் பார்ப்போம்' என்று கேட்கிற ஆசிரியர் வேண்டும். அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கிற ஆசிரியர் வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, கேரள அரசு தயாரிக்கிற ஒவ்வொரு திரைப் பாடமும் மலையாளத்தில் வெளியாகிற அதே நாளில் தமிழிலும் கன்னடத்திலும் வெளியாக வேண்டும். ஆறு மாதம் கழித்து வருகிற பாடம், பந்தி முடிந்தபின் வருகிற பாயசம். 2024-லிருந்து புதிய பாடப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. ஏழாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவும், 2025-லிருந்து பத்தாம் வகுப்பில் ரோபோ பாடமும் சேர்ந்திருக்கின்றன. புதுப் பாடத்துக்குப் புதிதாகவே தமிழ்க் குரலும் கொடுத்துவிட்டால் வேலை சுலபம். ஆண்டுக்கணக்கில் பாக்கி விழாது.

இரண்டாவதாக, தமிழ்நாட்டின் உதவியைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அங்கே 2019-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. நூற்றுக்கணக்கான தமிழ்ப் பாடங்கள் பதிந்து கிடக்கின்றன. கேரளப் பாடத்திட்டம் வேறு என்பது உண்மை. ஆனால் நியூட்டன் விதி வாளையாறு சோதனைச் சாவடியில் மாறிவிடுவதில்லை. எந்தப் பாடத்துக்கு எது பொருந்தும் என்று பத்து ஆசிரியர்கள் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டால் போதும். இரு மாநிலக் கல்வித் துறைகளும் பேசிக் கலைச்சொற்களையும் ஒன்றாக்கிவிடலாம். ஆற்று நீருக்குப் பேச்சு நடத்துகிறவர்கள் அறிவுக்கும் நடத்தலாமே!

மூன்றாவதாக, தமிழ்வழிப் பள்ளிக்குத் தமிழறிந்த ஆசிரியரையே நியமிக்க வேண்டும். திரைப் பாடம் வந்துவிட்டது என்பதைக் காட்டி ஓர் இடத்தைக்கூடக் குறைக்கக் கூடாது.

நான்காவதாக, தோட்டத்துத் தொடக்கப் பள்ளிகளை முதலில் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் பேட்டரி வேண்டும். இணையம் வேண்டும். 2023 ஜூன் 5-ல் தொடங்கிய கே-ஃபோன் கம்பி வழி இணையத் திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்புத் தருவதாகச் சொல்கிறது. லயத்தில் குடியிருக்கிறவனைவிட ஏழை யார்? வரிசையில் அவனை முன்னே நிறுத்த வேண்டும். தோட்ட நிர்வாகங்களும் கம்பம் நட இடம் கொடுத்து ஒத்துழைக்க வேண்டும்.

ஐந்தாவது, பார்வைக்குச் சின்ன விஷயம், ஆனால் பெரிய விஷயம். 'உடைந்தால் யார் பொறுப்பு?' என்ற பயத்தில் கருவிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிற வழக்கம் ஒழிய வேண்டும். பூட்டிவைத்த லாப்டாப் உடையாது. பிள்ளைக்கு உதவவும் உதவாது. பயன்படுத்துகிறபோது பழுதானால் தலைமை ஆசிரியரின் சம்பளத்தில் கைவைக்க மாட்டோம் என்று துறை தெளிவாகச் சொல்ல வேண்டும். 2018-ல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் குழுக்கள் உயர்நிலைப் பள்ளிகளில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போய்ச் சின்னச் சின்னக் கோளாறுகளைச் சரிசெய்து கொடுக்கலாம். மூத்த பிள்ளை கற்றது இளைய பிள்ளைக்கு உதவும்.

பெற்றோர் கையில் இருப்பது

எல்லாவற்றையும் அரசாங்கத்தின் தலையில் போடுவது நியாயமாகாது. தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவு செய்கின்றன. செய்யட்டும். அதில் ஒரு பங்கை ஒதுக்கி ஒரு புரொஜக்டர் வாங்கினால், வாரத்தில் இரண்டு மாலை, லயத்து வாசலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தமிழ்ப் பாடம் காட்டலாம். வேலை விட்டு வருகிற தாயும் உட்கார்ந்து பார்ப்பாள். தன் பிள்ளை என்ன படிக்கிறது என்பது அவளுக்கும் தெரிய வேண்டாமா?

கம்ப்யூட்டரில் தமிழ் எழுதப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 'தமிழ்99' என்ற விசைப்பலகை முறை 1999-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. சில வாரப் பயிற்சியில் கை வந்துவிடும். தன் ஊரைப் பற்றித் தானே தமிழில் எழுதிப் பத்துப் பேருக்குக் காட்டுகிற பிள்ளைக்குத் தமிழ்வழி படிப்பதில் தாழ்வு எண்ணம் வராது.

அந்தத் தாழ்வு எண்ணம்தான் இன்றைக்குப் பெரிய நோய். 'தமிழில் படித்தால் பிள்ளைக்கு எதிர்காலம் இல்லை' என்று கடன் வாங்கி இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்வழிப் பள்ளியில் அறிவியலும் கம்ப்யூட்டரும் இங்கிலீஷ் பேச்சும் நன்றாகக் கிடைக்கின்றன என்று கண்ணால் கண்டால் அவர்களே திரும்பி வருவார்கள். அதைக் காட்டத் திரையைவிட நல்ல கருவி இல்லை. திரையில் இங்கிலீஷ்காரன் பேசுகிற இங்கிலீஷையே கேட்கலாம். தமிழில் பொருளும் அறியலாம். பள்ளியில் பிள்ளைகள் குறைந்து, பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் குறைந்து, ஆசிரியர் குறைந்ததால் மீண்டும் பிள்ளைகள் குறைகிற சுழலிலிருந்து வெளியே வர இது ஒரு வழி.

1975-ல் வானத்திலிருந்து பாடம் இறங்கியபோது தமிழ் அந்த வரிசையில் இல்லை. அன்றைக்கு அதற்குக் காரணம் இருந்தது. 2020-ல் பாடம் வீட்டுக்கு வந்தபோது தமிழ் பின்வாசல் வழியாக வந்தது. அன்றைக்கு அவசரம் என்று பொறுத்துக்கொண்டார்கள். இனி அவசரமும் இல்லை, காரணமும் இல்லை. கருவி இருக்கிறது, பாடம் இருக்கிறது, குரல் கொடுக்கத் தமிழ் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சட்டமும் பக்கத்தில் இருக்கிறது. மனம் ஒன்றுதான் பாக்கி.

வரும் ஜூன் மாதம் பள்ளி மணி அடிக்கும். மூணாற்று வகுப்பறையில் அந்த இதயம் மறுபடியும் துடிக்கும். அது தமிழிலும் பேசும்படி செய்ய இன்றே வேலையைத் தொடங்கினால் முடியும். சம்பந்தப்பட்டவர்கள் ஆவன செய்வார்களா?